கச்சான் காற்றின் தேயிலை

கனடாவில் வாழும் பழைய நண்பர் ஒருவர், முன்னொரு காலத்தில் கொழும்பில் என்னுடன் ஒரே மேசையில் இருந்து செய்தி மொழிபெயர்த்தவர், சில மாதங்களுக்கு முன் எனக்கு ஒரு படிவத்தை அனுப்பிவைத்தார். பியரைச் சுவைத்துப் புள்ளியிடும் படிவம் அது. சிறிய வடிசாலைகள் தத்தம் கைப்பக்குவத்தில் வடிக்கும் பியர்களுக்கு அங்கே போட்டிகள் நடைபெறுகின்றனவாம். அவற்றில் நடுவராவதற்கு நண்பர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். "நீ குடிக்கமாட்டாய் என்பது தெரியும். ஆனால் இந்தப் படிவத்தின் மொழியைப் பார்" என்று எழுதியிருந்தார்.

பார்த்தேன். வரிப்பத்தான்சேனையில் பிறந்து வளர்ந்த எனக்குப் பியரின் சுவை தெரியாது. தெரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை. மார்க்கம் விலக்கியதை விலக்கியே வைத்திருக்கிறேன். எனினும் அந்தப் படிவம் என்னை எளிதில் விட்டுவிடவில்லை. மொத்தம் 50 புள்ளிகள். மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயுணர்வுக்கு 5, ஒட்டுமொத்த அபிப்பிராயத்துக்கு 10. அமெரிக்காவில் 1985இல் தொடங்கப்பட்ட பியர் நடுவர் அமைப்பொன்று வகுத்த முறை இது. அந்த அமைப்பின் கைநூலில் நூற்றுக்கும் மேற்பட்ட பியர் வகைகள் உள்ளன. ஒவ்வொன்றும் எப்படி மணக்கவேண்டும், என்ன நிறம், எவ்வளவு கசப்பு என்று பந்தி பந்தியாக விவரித்திருக்கிறார்கள். ஜேர்மனியக் கோதுமை பியரில் வாழைப்பழ வாசனை வந்தால் அது சிறப்பு. வேறொரு வகையில் அதே வாசனை வந்தால் அது குறை. அதாவது, ஒரு பானத்தை அதன் குலத்துக்குரிய இலக்கணத்தைக் கொண்டே மதிப்பிடவேண்டும்; நமது விருப்பு வெறுப்பைக் கொண்டு அல்ல.

இவ்வாறு பியரை வகை பிரித்து எழுதும் வழக்கத்தை நிலைநாட்டியவர் யார் என்று தேடிப் பார்த்தேன். மைக்கல் ஜக்சன் என்று வந்தது. பாடகர் அல்லர், இங்கிலாந்துப் பத்திரிகையாளர். 1977இல் அவர் வெளியிட்ட உலக பியர் வழிகாட்டி நூலே பிற்காலத்து வகைப்பிரிப்புகளுக்கு அடித்தளம் என்கிறார்கள். நமது நாட்டில் வடிக்கப்படும் லயன் ஸ்டவுட்டையும் அவர் வியந்து எழுதியிருக்கிறார். அவர் 2007இல் காலமானார். அவர் வடிசாலை எதனையும் நடத்தியவர் அல்லர். குடிப்பவனுக்குச் சொற்களைக் கொடுத்தார், அவ்வளவுதான். சொற்கள் கிடைத்த பின்னர் குடிப்பவன் கேள்வி கேட்கத் தொடங்கினான். கேள்விகள் வந்த பின்னர் ஒரே சுவையில் வார்த்துத் தள்ளிய பெருங் கம்பனிகளுக்கு அருகே சிறு வடிசாலைகளுக்கும் இடம் கிடைத்தது. பத்திரிகைத் தொழிலில் முப்பது வருடத்தைக் கழித்த எனக்கு, மதுவைப் பற்றியதாயினும், இது சற்றுப் பொறாமையைத் தந்த செய்தி.

பொறாமைக்குக் காரணம் உண்டு. உலகமே நாவால் எடைபோட்டு வாங்குகின்ற ஒரு பானம் நம்மிடமும் இருக்கிறது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டது 1867இல். கொழும்பில் முதலாவது பகிரங்கத் தேயிலை ஏலம் நடைபெற்றது 1883 ஜூலை 30இல். அன்றுதொட்டு இன்றுவரை இந்நாட்டுத் தேயிலையின் விலை, ஏலத்துக்கு முன் யாரோ ஒருவரின் நாவிலேதான் நிர்ணயமாகிறது. ஆனால் வரிப்பத்தான்சேனையிலோ இறக்காமத்திலோ கல்முனைச் சந்தையிலோ ஒரு தேத்தண்ணிக் கடையில் போய் உட்கார்ந்தால் நம்மிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றே ஒன்று: "சாயம் கடுப்பமா, இளசா?" நாளுக்கு ஆறேழு கோப்பை குடிக்கும் ஒரு சமூகத்திடம் அந்தப் பானத்தைப் பற்றி இருக்கும் சொற்கள் இரண்டே இரண்டு. அவ்விரண்டும் நிறத்தைப் பற்றியவை.

இளம் செய்தியாளனாக இருந்த காலத்தில், கொழும்பில் ஒரு தேயிலைத் தரகர் நிறுவனத்தின் சுவையறைக்குள் ஒரு காலைப்பொழுதை நான் கழித்திருக்கிறேன். நீண்ட மேசை. அதன்மேல் வரிசையாக வெள்ளைப் பீங்கான் கோப்பைகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே சிறு தகர டப்பாவில் உலர் தேயிலை. பழைய ஆறு பென்ஸ் நாணயத்தின் எடைக்குத் தேயிலையை நிறுத்துப் போடுவது வெள்ளைக்காரர் காலத்து வழக்கம், ஏறத்தாழ 2.8 கிராம். அப்போதுதான் கொதித்த நீரை ஊற்றி, மூடி, ஐந்தாறு நிமிடம் விடுகிறார்கள். சாயத்தைக் கிண்ணத்தில் வடித்து, ஊறிய இலையைக் கவிழ்த்த மூடியின்மேல் பரப்பி வைக்கிறார்கள். பின்னர் சுவைஞர் வருகிறார். கரண்டியால் அள்ளி, காற்றையும் சேர்த்து 'ஸ்ஸ்ர்ர்' என்று பலமாக உறிஞ்சி, நாக்கிலும் அண்ணத்திலும் ஒரு கணம் உருட்டி, சக்கரம் பூட்டிய துப்பற்பாத்திரத்தில் துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்கு நகர்கிறார். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான கோப்பைகள். அந்த ஒலியோடு எங்கள் வீட்டில் எவரேனும் குடித்திருந்தால் உம்மாவின் கை முதுகில் விழுந்திருக்கும்.

அவர் ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு சொல்லை உதிர்த்தார், உதவியாளர் எழுதிக்கொண்டார். பிரைட், பிரிஸ்க், ஃபிளாட், ஸ்மோக்கி, பொடி. கடைசிச் சொல்லை நான் வெகு நேரம் தமிழ்ப் 'பொடி' என்றே எண்ணிக்கொண்டிருந்தேன். சாயத்தின் கனத்தை, வாயில் அது நிறைந்து நிற்கும் தன்மையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் என்பது பிறகுதான் விளங்கியது. அந்த மனிதர் தமிழர். கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலானோரும் தமிழர்கள். கோப்பை கழுவிய பையனும் தமிழன். மேசையில் மாத்திரம் தமிழ் இருக்கவில்லை.

இந்தச் செய்முறையைச் சர்வதேச நியமமாகவும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஐ.எஸ்.ஓ. 3103 என்று 1980இல் வந்தது: 100 மில்லிலீற்றர் நீருக்கு 2 கிராம் தேயிலை, ஆறு நிமிடம் ஊறல். அதற்கு மூலமாக இருந்த பிரித்தானிய நியமத்துக்கு 1999இல் இக்நோபல் என்னும் கேலிப் பரிசும் வழங்கப்பட்டது, ஒரு கோப்பைத் தேநீர் தயாரிக்க ஆறு பக்க ஆவணமா என்று. கேலி செய்தவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். அந்த ஆவணம் சுவையான தேநீர் தயாரிப்பதற்கு அல்ல. இரண்டு தேயிலைகளை நியாயமாக ஒப்பிடுவதற்கு. தராசின் இரு தட்டும் சமமாக இருக்கவேண்டும் என்பது போல.

நண்பரின் படிவத்தையும் அந்தப் பழைய காலைப்பொழுதையும் சேர்த்து, எங்கள் ஊர்த் தேத்தண்ணிக் கடை ஒன்றிலே ஒரு பரீட்சை நடத்திப் பார்த்தேன். அஸர் தொழுகைக்குப் பின் நாங்கள் வழமையாகக் கூடும் இடம். கடைக்காரக் காக்கா, வயல்காரரான ஒரு ஹாஜியார், கட்டாரில் எட்டு வருடம் உழைத்துவிட்டு வந்த ஓர் இளைஞர், ஒரு பாடசாலை ஆசிரியர், நான் என்று ஐந்து நடுவர்கள். தேயிலை நான்கு. கடையில் அன்றாடம் பாவிக்கும் சில்லறைத் தூள் ஒன்று. தென்பகுதி றுகுணுத் தேயிலை ஒன்று. இளைஞர் கட்டாரிலிருந்து பரிசாகக் கொண்டுவந்தது. (வாளேந்திய சிங்க இலச்சினையுடன் இலங்கையில் பொதி செய்யப்பட்டு, தோஹா போய், பயணப் பெட்டியில் வரிப்பத்தான்சேனைக்கு 'வெளிநாட்டுத் தேயிலை'யாக வந்து சேர்ந்திருந்தது.) நுவரெலியாத் தேயிலை ஒன்று. பண்டாரவளையிலிருக்கும் நண்பர் அனுப்பிய, ஓகஸ்ட் மாதத்து ஊவாத் தேயிலை ஒன்று. கோப்பைகளின் அடியில் சுண்ணக்கட்டியால் இலக்கமிட்டு, எது எதுவென்று எனக்கும் தெரியாதபடி காக்காவின் மகனைக் கொண்டு மாற்றி வைத்தேன். பால் இல்லை, சீனி இல்லை.

தொடக்கமே சிக்கல். "ஆறு நிமிசமா? அதுக்குள்ள மனிசன் எழும்பிப் போயிருவான் தம்பி" என்றார் காக்கா. அவருடைய முறை வேறு. துணிவடிக்குள் காலையில் போட்ட தூளின்மேல் மாலைவரை சுடுநீர் ஊற்றிக்கொண்டேயிருப்பார். இடையிடையே ஒரு கரண்டி புதுத்தூள் சேரும். அடுத்த சிக்கல் துப்பல். ஹாஜியார் பாத்திரத்தைத் தள்ளிவைத்துவிட்டார். "அல்லாஹ் தந்த ரிஸ்கைத் துப்பச் சொல்றீங்களா? பரக்கத் போயிரும்." சூடாற்ற ஊதவும் அவர் விடவில்லை, பானத்தில் ஊதுவது தடுக்கப்பட்டது என்று. ஆகவே எல்லோரும் காத்திருந்து, விழுங்கியே மதிப்பிட்டோம். பியர் நடுவர்களும் விழுங்குவதுதான் வழக்கம் என்று நண்பர் எழுதியிருந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை.

தேயிலை எப்படிக் கறுக்கிறது என்பதை விளக்கப்போய் இன்னொரு வில்லங்கத்திலும் மாட்டிக்கொண்டேன். உருட்டிய கொழுந்தைப் பரப்பி வைப்பதைத் தொழிற்சாலையில் 'நொதித்தல்' என்பார்கள் என்றேன். "நொதிச்சதெண்டா ஹறாமில்லையா?" என்றார் ஆசிரியர், பாதி விளையாட்டாக. இல்லை. பியரில் நடப்பதுதான் உண்மையான நொதித்தல். மதுவம் என்னும் நுண்ணுயிர் சீனியைத் தின்று மதுசாரத்தை வெளியிடுகிறது. தேயிலையில் நுண்ணுயிருக்கு வேலையில்லை. வெட்டி வைத்த கத்தரிக்காய் காற்றுப் பட்டுக் கறுப்பது போன்ற ஒட்சியேற்றமே அங்கே நடப்பது. பழைய துரைமார் தவறாக இட்ட பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

முடிவுகளைச் சொல்கிறேன். ஐவரின் புள்ளிகளையும் கூட்டி ஐந்தால் வகுத்தபோது றுகுணு 36, ஊவா 29, கடைத் தூள் 24, நுவரெலியா 17.

நுவரெலியா தோற்றதில் வியப்பில்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,860 மீற்றருக்கு மேலே குளிரில் மெதுவாக வளரும் கொழுந்து அது. சாயம் வைக்கோல் நிறத்தில் வரும். மணம் பூவைப் போல மெல்லியது. "பச்சத் தண்ணி" என்று ஒரே சொல்லில் தீர்ப்பளித்தார் காக்கா. எங்கள் ஐவரில் எவரும் அதனை நுவரெலியாவாகச் சுவைக்கவில்லை. தோற்றுப்போன றுகுணுவாகவே சுவைத்தோம். கோதுமை பியரில் வாழைப்பழம் மணக்கிறதே என்று குறைகூறுபவனின் நிலைமைதான் எமக்கும்.

றுகுணு வென்றதற்கும் காரணம் உண்டு. 600 மீற்றருக்குக் கீழே, வெப்பத்தில் செழித்து வளரும் இலை. கறுத்த, கனத்த சாயம். இந்நாட்டின் தேயிலையில் பாதிக்கு மேல் இப்படித் தாழ்நிலத்தில் விளைவதுதான். ஈராக், ஈரான், துருக்கி, வளைகுடா நாடுகள் விரும்பி வாங்குவதும் இதையே. எங்கள் ஊர் இளைஞர்கள் அங்கே கண்ணாடிக் குவளையில் குடித்துப் பழகிய சுவை. ஊர் திரும்பும்போது நாவோடு அதுவும் திரும்பியிருக்கிறது.

ஊவாவில்தான் சபை இரண்டுபட்டது. நான் 44 கொடுத்தேன், ஹாஜியார் 12. ஒரு மிடறு விழுங்கியதும் கோப்பையை மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ன தம்பி, இதுக்குள்ள கோடாலித் தைலம் ஊத்தினீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்துபோய் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவர் சொன்னது அப்பட்டமான உண்மை. ஊவாத் தேயிலையின் தனித்த மணத்துக்குக் காரணமான பொருள்களில் முதன்மையானது மெதைல் சலிசிலேற்று. நோவுக்குப் பூசும் தைலங்களின் நெடியிலும் அதே பொருள்தான் இருக்கிறது. டார்ஜிலிங், சீனத்துக் கீமுன் ஆகியவற்றோடு உலகின் மூன்று பெருந் தேயிலைகளில் ஒன்றாக ஜப்பானியர் ஊவாவை வைத்துப் போற்றுவது இந்தக் குளிர்ந்த தைல மணத்துக்காகத்தான். கொழும்புச் சுவைஞர் வருடக்கணக்கில் பயின்று கண்டுபிடிப்பதை, வாழ்நாளில் எந்தப் பயிற்சியும் பெறாத ஒரு வயல்காரர் ஒரே மிடறில் கண்டுபிடித்துவிட்டார். அவரிடம் நாவு இருக்கிறது. அது சிறப்பென்று அவருக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை.

அந்த மணம் எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்தால் ஹாஜியாரின் 12 புள்ளி எனக்கு ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்பது விளங்கும். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, வெறுங்காற்றாய் வறண்டு கிழக்கே இறங்குகிறது. ஜூலை, ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் பதுளை, பண்டாரவளைப் பக்கத்துத் தேயிலைச் செடி இந்தக் காற்றில் வாடுகிறது. பகலில் வறட்சி, இரவில் குளிர். அந்த வாட்டத்தில் இலை தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் பொருள்களே மணமாகின்றன. மழைக்காலத்துக் கொழுந்தில் இது கிடையாது. அதே காற்று இன்னும் கீழே இறங்கிச் சமவெளியைக் கடந்து எங்களிடம் வரும்போது அதற்கு ஒரு பெயர் உண்டு: கச்சான். (கடலைக்கும் இங்கே அதே பெயர்தான், இந்திய வாசகர்கள் மயங்கவேண்டாம்.) இறக்காமக் குளத்தை வற்றவைப்பதும், சிறுபோக அறுவடைக் காலத்தில் உதட்டை வெடிக்கச் செய்வதும், முற்றத்துப் புழுதியைச் சோற்றுக் கோப்பையில் போடுவதும் அந்தக் காற்றுத்தான். ஊவாவின் தேயிலை வணிகரும் இந்தக் காற்றைக் கச்சான் என்ற எங்கள் சொல்லாலேயே அழைக்கிறார்கள். காற்றின் புழுதி எமக்கு, அதன் மணம் டோக்கியோவுக்கு. நடுவே இருப்பது ஒரு மலைத்தொடர் மாத்திரம்.

இந்த இடத்தில் "நல்லதையெல்லாம் ஏற்றுமதி செய்துவிட்டு எங்களுக்கு டஸ்ட்டைத் தருகிறார்கள்" என்ற முறைப்பாட்டைப் பின்னூட்டத்தில் எழுத வாசகர்கள் தயாராக இருப்பீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படி எழுதியவன். அது அரைவாசியே சரி. பீக்கோ, பி.ஓ.பி., ஃபேனிங்ஸ், டஸ்ட் என்பவை தரத்தின் பெயர்கள் அல்ல. சல்லடையில் பிரித்த துணுக்குகளின் அளவுகளே. ஒரே செடி, ஒரே நாள், ஒரே உருளை. பெரிய துணுக்கு ஒரு பெயரும் சிறிய துணுக்கு இன்னொரு பெயரும் பெறுகின்றன. நல்ல தோட்டத்து டஸ்ட் நல்ல தேயிலையே. விரைவாகச் சாயம் இறங்குவதால் கடைக்காரருக்கு வசதியும்கூட.

குறை வேறிடத்தில் இருக்கிறது. காக்காவின் தூள் ஒரு பொலித்தீன் பையில் வருகிறது. எந்தப் பிரதேசம், எந்த மாதம், எந்தத் தொழிற்சாலை, எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. அந்தத் தூளில் ஒரு சிட்டிகையை, நனைத்த வெள்ளைத் தாளின்மேல் தூவிப் பார்த்தோம். சில நிமிடங்களில் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் செங்கபில வளையம் படர்ந்தது. மற்ற மூன்றும் பச்சைத் தண்ணீரில் அவ்வளவு அவசரப்படவில்லை. கலப்படத்தைச் சந்தேகிக்க வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய சோதனை இது. தீர்ப்பளிக்க ஆய்வுகூடம் வேண்டும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். காந்தத்தை ஓட்டிப் பார்த்தால் இரும்புத் துகள் இருப்பதும் தெரியவரும். கழிவுத் தேயிலை, அதாவது உரமாகவோ வேறு கைத்தொழிலுக்கோ போகவேண்டிய காம்பும் நாரும் கூட்டலும், லொறியோடு பிடிபட்ட செய்திகளை நானே எத்தனை தடவை செப்பனிட்டிருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை. ஒற்றைப் பத்திச் செய்தி. 'சந்தேகநபர் நீதிமன்றில்' என்று முடியும். அந்த லொறி பிடிபடாமல் போயிருந்தால் எந்தக் கடைகளுக்குப் போயிருக்கும் என்று நாங்கள் ஒருபோதும் எழுதவில்லை.

காக்காவை நான் குறைகூறமாட்டேன். "சாயம் கறுப்பா இல்லாட்டி, தண்ணியக் காச்சித் தாறான் எண்டு செல்லுவாங்க தம்பி. ஆரு குடிப்பா?" என்றார். பியர் படிவத்தில் தோற்றத்துக்கு 50இல் மூன்றே புள்ளிகள். எங்கள் ஊரில் எழுதப்படாத படிவமொன்று இருக்கிறது. அதில் தோற்றத்துக்கு 45. கலப்படக்காரன் அந்தப் படிவத்தை நன்றாகப் படித்து வைத்திருக்கிறான். நாம் எதற்குப் புள்ளி கொடுக்கிறோமோ அதையே அவன் நமக்கு விற்கிறான்.

உண்மையில் கறுப்பு நிறம் சிறப்பின் அடையாளமே அல்ல. ஒட்சியேற்றத்தில் இரண்டு வகைப் பொருள்கள் உண்டாகின்றன. தியாஃபிளேவின் சாயத்துக்கு ஒளியையும் நாவில் ஓர் உயிர்ப்பையும் தருகிறது. தியாரூபிஜின் நிறத்தையும் கனத்தையும் தருகிறது. இலையை அளவுக்கு மிஞ்சிக் காற்றில் விட்டால் முன்னது குறைந்து பின்னது பெருகும். அப்போது சாயம் கறுக்கும், சுவை செத்துப்போகும். பாலும் இந்தக் குறையை மறைப்பதற்கு உதவுகிறது. பாலிலுள்ள கேசீன் என்னும் புரதம் துவர்ப்பைப் பிடித்து அடக்கிவிடும். 2021, 2022 நெருக்கடிக் காலத்தில் பால்மா கிடைக்காமல் போய், கடைகளில் பால் தேத்தண்ணி நின்று, எல்லோரும் பிளேன்டீக்குத் திரும்பியபோதுதான் "இப்போ தேயிலை சரியில்லை" என்ற பேச்சு எங்கள் கடையில் அடிக்கடி கேட்டது. தேயிலை அதற்கு முன்னரும் சரியாக இருக்கவில்லை. போர்வை விலகியதுதான் புதிது.

துவர்ப்பு என்ற சொல்லைக் கவனித்தீர்களா? மேல்நாட்டு விஞ்ஞானத்தில் அது சுவையே அல்ல. வாயின் ஓர் உணர்ச்சி. பியர் படிவத்திலும் அதை 'வாயுணர்வு' என்ற ஐந்து புள்ளிக் கூட்டுக்குள் அடைத்திருக்கிறார்கள். தமிழோ அதனை அறுசுவையில் ஒன்றாக எண்ணி, இனிப்பு, கசப்புகளோடு சரியாசனம் கொடுத்து வைத்திருக்கிறது. தேநீரின் உயிரே துவர்ப்புத்தான். அதைச் சுவையென ஏற்றுக்கொண்ட ஒரு மொழியில், பாக்கையும் நாவற்பழத்தையும் இளநீர்க் கோம்பையையும் அறிந்த ஒரு மக்கள் கூட்டத்தில், தேயிலையைப் பற்றிப் பேச இரண்டே சொற்கள் இருப்பது வறுமையன்று, அசட்டை. அன்று மாலை நாங்கள் ஐவரும் ஒரு பட்டியல் போட்டோம். 'பிரைட்' என்பதற்கு ஒளிச்சாயம். 'பிரிஸ்க்' என்பதற்கு உயிர்ப்பு. 'பொடி' என்பதற்குக் கனதி. 'ஃபிளாட்' என்பதற்குக் காக்கா கொடுத்த செத்த சாயம். துணிவடியில் நாள் முழுக்க வெந்த தேயிலைக்கு ஆசிரியர் கொடுத்த அவிந்த சாயம். கனத்த துவர்ப்பு, வழுக்கும் துவர்ப்பு, ஈறைப் பிடிக்கும் துவர்ப்பு என்று துவர்ப்புக்கு மாத்திரம் மூன்று வந்தன. ஊவாவின் மணத்துக்குத் 'தைலவாடை' என்று ஹாஜியார் முன்மொழிந்தார். வாடை என்பது இழிவாக ஒலிக்கிறதே என்று நான் மறுத்தேன், எடுபடவில்லை.

கேட்பதற்கு இரண்டு விடயங்கள் இருக்கின்றன. சில்லறையாக விற்கும் ஒவ்வொரு பைத் தேயிலையிலும் பிரதேசம், மாதம், தொழிற்சாலை ஆகிய மூன்றையும் மூன்று மொழியிலும் அச்சிடும்படி இலங்கைத் தேயிலைச் சபை வற்புறுத்தவேண்டும். ஏற்றுமதிப் பொதிக்குச் சிங்க இலச்சினையைக் காக்கும் சபைக்கு இது பெரிய வேலையல்ல. அடுத்தது, ஏலத்துக்கு முன் எழுதப்படும் சுவைக் குறிப்புகளைத் தமிழிலும் சிங்களத்திலும் பாமரரும் படிக்கும்படி வெளியிடவேண்டும். 2020இல் கொவிட் வந்ததும் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட பழைமையான ஏலத்தையே இணையத்துக்கு மாற்ற முடிந்ததென்றால் இதுவும் முடியும். தமிழ்ப் பத்திரிகைகளும் வாராவாரம் சினிமாவுக்கு ஒதுக்கும் இடத்தில் ஒரு மூலையைத் தரலாம். எனது பழைய ஆசிரியர் பீடத்துக்கு இதைச் சொன்னபோது, "தேயிலை வர்த்தகப் பக்கத்துக்குரியது" என்ற பதில் வந்தது. வர்த்தகப் பக்கத்தில் எத்தனை மில்லியன் கிலோகிராம், எத்தனை மில்லியன் டொலர் என்பது வரும். சுவை எப்படி என்பது வராது.

பண்டாரவளை நண்பர் தேயிலையோடு ஒரு சிறு கடிதமும் வைத்திருந்தார். அவரது தாயார் முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும்; அவர் வாழ்நாளில் பறித்த கொழுந்தைக் கணக்கிட்டால் மலைக்கும். 2023இல் மலையகத்தின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்தோம். 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாவாயிற்று. ஓகஸ்ட் மாதத்துக் கொழுந்துக்கு வெளிநாட்டார் ஏன் அதிக விலை கொடுக்கிறார்கள் என்று தாயார் மகனிடம் ஒரு நாள் கேட்டிருக்கிறார். தோட்டத்தில் கிடைக்கும் தூளைத் தவிர வேறெதையும் குடித்திராதவர். மகன் ஒரு பொட்டலம் வாங்கி, ஆறு நிமிடம் ஊறவைத்துக் கொடுத்தாராம். குடித்துவிட்டு, "காத்து அடிக்கிற நாள்ல மலையில நின்னா இந்த வாசந்தான் வரும்" என்றாராம். எழுபது வயதில், தான் பறித்த இலையை அவர் முதன்முறையாகக் குடித்திருக்கிறார். அவர் சொன்ன அந்த வாக்கியத்தை எந்தத் தரகரின் குறிப்பேட்டிலும் நான் கண்டதில்லை.

ஹாஜியார் மறுநாளும் கடைக்கு வந்தார். வழமையான கடுஞ்சாயத்தைக் குடித்து முடித்த பின், "அந்தத் தைலத் தேத்தண்ணி மிச்சமிரிக்கா?" என்று மெதுவாகக் கேட்டார். தடிமனுக்கு நல்லதாக இருக்கும் என்பது அவர் சொன்ன காரணம். இருந்த நாலைந்து கரண்டியை ஒரு கடதாசியில் மடித்துக் கொடுத்தேன். காக்கா கிலோ என்ன விலை என்று விசாரித்தார். சொன்னேன். துணிவடியைத் தூக்கி ஒருமுறை குலுக்கிவிட்டு, அடுத்த கோப்பையை ஊற்றத் தொடங்கினார்.

ஓகஸ்டில் புதுக் கொழுந்து வரும்போது அதே கடையில், அதே நேரத்தில் மீண்டும் கூடுவதாக உத்தேசம். இம்முறை திம்புலைத் தேயிலையும் உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை பறித்ததாகத் தேடி வைத்திருக்கிறேன். இப்பக்கம் வரும் வாசகர்கள் தங்கள் வீட்டுத் தூளில் ஒரு சிட்டிகையும் ஒரு வெள்ளைத் தாளும் கொண்டுவரலாம். துப்ப விரும்புவோர் முன்கூட்டியே ஹாஜியாரிடம் அனுமதி பெற்றுக்கொள்ளவேண்டும்.